18 வயது மாலுமிக்கு 78 ஆண்டுகள் கழித்து வந்த பதக்கம்: யார் இந்த டெடி ஷீயன்?

1942 டிசம்பர் 1. திமோர் கடலில் ஆஸ்திரேலியாவின் சிறிய போர்க்கப்பல் ஒன்று மூழ்கிக்கொண்டிருந்தது. ‘கப்பலை விட்டு வெளியேறுங்கள்’ என்ற உத்தரவு வந்துவிட்டது. எல்லோரும் கடலில் குதித்துக்கொண்டிருந்தபோது, 18 வயது மாலுமி ஒருவர் மட்டும் திரும்பிப் போனார். கப்பலின் விமான எதிர்ப்புப் பீரங்கியை நோக்கி. அதற்குப் பிறகு அவர் திரும்பவில்லை.

2020 டிசம்பர் 1. சரியாக 78 ஆண்டுகள் கழித்து, அதே தேதியில், கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய கவர்னர் ஜெனரல் மாளிகையில் அந்த மாலுமியின் பெயர் வாசிக்கப்பட்டது. வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் அவருக்கு வழங்கப்பட்டது. ஆஸ்திரேலியக் கடற்படை வரலாற்றிலேயே இந்த விருதைப் பெறும் முதல் நபர் அவர்தான்.

அவர் பெயர் எட்வர்ட் ஷீயன். வீட்டிலும் கப்பலிலும் டெடி.

ஒரு இளைஞர் செய்த காரியத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இருந்தும், அதை ஒரு நாடு முழுமையாக ஒப்புக்கொள்ள ஏன் இத்தனை காலம் ஆனது? நடுவில் எங்கே சிக்கியது? கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த டெடி?

ஆஸ்திரேலியாவின் தெற்கே இருக்கும் தாஸ்மானியா தீவில், லோயர் பேரிங்டன் என்ற சிற்றூரில் 1923 டிசம்பர் 28 அன்று பிறந்தவர். அப்பா கூலித் தொழிலாளி. டெடி அந்த வீட்டின் 14-வது குழந்தை. ஆமாம், பதினான்காவது.

டெடி பிறந்த கொஞ்ச நாளிலேயே குடும்பம் பக்கத்து ஊரான லாட்ரோப்புக்குக் குடிபெயர்ந்தது. அங்கே கத்தோலிக்கப் பள்ளியில் படிப்பு. பிறகு சுற்றுவட்டாரப் பண்ணைகளில் கிடைத்த வேலை. இன்றைய பேச்சில் சொன்னால், நிரந்தர வேலை இல்லாத ஒரு டீன் ஏஜ் பையன்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் அவருடைய சகோதரர்கள் ஐந்து பேர் ஏற்கெனவே படைகளில் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் வழியிலேயே 1941 ஏப்ரல் 21 அன்று ஹோபார்ட் நகரில் டெடியும் கடற்படையின் ரிசர்வ் பிரிவில் சேர்ந்தார். அப்போது வயது 17. பதவி ‘ஆர்டினரி ஸீமன்’. கடற்படை ஏணியின் கீழ்ப்படிகளில் ஒன்று.

அடிப்படைப் பயிற்சி, பிறகு விக்டோரியா மாநிலத்தில் மேற்பயிற்சி, அதன்பின் 1942 மே மாதம் சிட்னி. அங்கே துறைமுகத்தில் ‘குட்டபுல்’ என்ற பழைய பயணிகள் படகை மாலுமிகள் தங்கும் இடமாக மாற்றியிருந்தார்கள். டெடிக்கும் அதில்தான் படுக்கை. மே 31 இரவு ஜப்பானின் குட்டி நீர்மூழ்கிகள் சிட்னி துறைமுகத்துக்குள் புகுந்தன. அவற்றில் ஒன்று ஏவிய டார்பிடோவால் குட்டபுல் மூழ்கியது. 21 மாலுமிகள் இறந்தார்கள்.

டெடி அன்றைக்கு அங்கே இல்லை. விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார்.

பதினோரு நாள் கழித்து சிட்னி திரும்பியவருக்குப் புதிய கப்பல் காத்திருந்தது. பெயர் ‘ஆர்மிடேல்’. பெரிய கப்பல்களுக்குக் காவலாகப் போவது, நீர்மூழ்கிகளைத் தேடுவது, கண்ணிவெடிகளை அகற்றுவது என்று எல்லா வேலைக்கும் பயன்படும் ‘கார்வெட்’ வகைச் சிறிய கப்பல். அதில் டெடியின் வேலை, விமான எதிர்ப்புப் பீரங்கிக்குக் குண்டு நிரப்புவது. சுடுபவர் வேறொருவர். டெடி அவருக்கு உதவியாள், அவ்வளவுதான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்னைக்கு என்னதான் நடந்தது?

1942 பிப்ரவரியில் ஜப்பான் திமோர் தீவைப் பிடித்துவிட்டது. ஆனாலும் ஆஸ்திரேலியாவின் சிறிய கமாண்டோ படை ஒன்று அங்கே மலைகளில் மறைந்திருந்து, உள்ளூர் மக்களின் உதவியோடு மாதக்கணக்கில் கொரில்லாப் போர் நடத்தியது. நவம்பர் வந்தபோது அவர்கள் களைத்துப்போயிருந்தார்கள். அவர்களை மீட்க வேண்டும், புதிய வீரர்களைக் கொண்டுபோய் இறக்க வேண்டும், டச்சு வீரர்களையும் போர்ச்சுகீசியப் பொதுமக்களையும் வெளியேற்ற வேண்டும். இந்த வேலைக்காக நவம்பர் 29 அன்று டார்வின் துறைமுகத்திலிருந்து ஆர்மிடேலும் அதே வகைக் கப்பலான ‘காசில்மெய்ன்’னும் கிளம்பின. ‘குரூ’ என்ற இன்னொரு சிறு கப்பலும் இந்தப் பணியில் இருந்தது.

ஆர்மிடேலில் இருந்தவர்கள் மொத்தம் 149 பேர். கப்பல் ஊழியர்கள் போக, திமோரில் இறக்க வேண்டிய வீரர்களும் அதில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் டச்சுப் படையில் சேவை செய்த இந்தோனேசியர்கள்.

டிசம்பர் 1 விடிவதற்கு முன் மூன்று கப்பல்களும் சந்தித்தன. குரூ ஏற்றிவந்த பொதுமக்கள் காசில்மெய்னுக்கு மாற்றப்பட்டார்கள். அது டார்வினுக்குத் திரும்பியது. மிச்ச வேலையை முடிக்க ஆர்மிடேலும் குரூவும் அங்கேயே நின்றன. பகல் 12.28 மணியிலிருந்து ஜப்பானிய விமானங்கள் திரும்பத் திரும்பத் தாக்கத் தொடங்கின. பாதுகாப்புக்கு விமானம் அனுப்பச் சொல்லிக் கேட்டும் வரவில்லை.

மதியம் 2 மணிக்குச் சற்று முன், குரூவைப் பிரிந்து தனியாக இருந்த ஆர்மிடேலைக் குறைந்தது 13 விமானங்கள் சூழ்ந்தன. கப்பல் வளைந்து நெளிந்து தப்பப் பார்த்தது. 3 மணி தாண்டியதும் இரண்டு டார்பிடோக்கள் தாக்கின. பிறகு பின்பக்கம் ஒரு குண்டு விழுந்தது. கப்பல் இடதுபுறமாகச் சாய்ந்தது. வெளியேறும் உத்தரவு வந்தது.

கடலில் குதித்தவர்கள் மீது விமானங்கள் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டன. உயிர்காக்கும் தெப்பம் ஒன்றை அவிழ்த்துவிட உதவிய டெடி, அதில் ஏறிக்கொண்டிருக்கலாம். ஏறவில்லை. மார்பிலும் முதுகிலும் காயத்தோடு, சாய்ந்துகொண்டிருந்த தளத்தின் மேல் ஏறிப் பீரங்கிக்குப் போனார். இந்த முறை குண்டு நிரப்ப அல்ல, தானே சுட.

அது ஓர்லிகான் என்ற 20 மில்லிமீட்டர் பீரங்கி. சுடுபவர் தோளை அதில் முட்டுக்கொடுத்து நின்று, உடலை வாரால் அதோடு இணைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் வேகமாகப் பறக்கும் விமானத்தைக் குறிபார்த்துத் திருப்ப முடியும். டெடி தன்னைப் பீரங்கியோடு கட்டிக்கொண்டார் என்று சொல்வது இதைத்தான். கப்பல் மூழ்கும் நேரத்தில் அந்த வாரை மாட்டிக்கொள்வதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

ஒரு குண்டுவீச்சு விமானத்தை அவர் வீழ்த்தினார். மற்ற விமானங்கள் கடலில் இருந்தவர்களை நெருங்க விடாமல் சுட்டுக்கொண்டே இருந்தார். கப்பல் தண்ணீருக்குள் போகும்போதும் அந்தப் பீரங்கி சுட்டுக்கொண்டுதான் இருந்தது என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள்.

19-வது பிறந்தநாளுக்கு இன்னும் 27 நாள் இருந்தது.

பிழைத்தவர்களுக்கு என்ன ஆச்சு?

கப்பல் மூழ்கியதோடு கதை முடிந்துவிடவில்லை. தண்ணீரில் தப்பியவர்களுக்கு ஒரு மோட்டார் படகு, ஒரு துடுப்புப் படகு, கிடைத்த மிதவைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு தெப்பம், இவ்வளவுதான் மிச்சம். உணவும் தண்ணீரும் மிகக் குறைவு. உதவி தேடி முதலில் மோட்டார் படகு கிளம்பியது. பிறகு துடுப்புப் படகு கிளம்பியது. இடமில்லாதவர்கள் தெப்பத்தில் காத்திருந்தார்கள்.

படகுகளில் போனவர்கள் சில நாள் கழித்து மீட்கப்பட்டார்கள். தெப்பத்தையும் டிசம்பர் 8 அன்று ஒரு கேடலினா விமானம் கண்டுபிடித்தது. ஆனால் அலை அதிகமாக இருந்ததால் கடலில் இறங்க முடியவில்லை. விமானத்திலிருந்து புகைப்படம் எடுத்தார்கள். மீட்க வந்த கப்பலின் கண்ணில் அந்தத் தெப்பம் படவே இல்லை. இன்றுவரை அது என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது.

149 பேரில் பிழைத்தது 49 பேர். டெடியின் கதை நமக்குத் தெரிவது இந்த 49 பேரில் அதைப் பார்த்தவர்கள் சொன்னதால்தான்.

அப்பவே ஏன் பதக்கம் கொடுக்கல?

கொடுக்காமல் இல்லை. ‘மென்ஷன் இன் டிஸ்பேட்சஸ்’ என்ற அங்கீகாரம் கிடைத்தது. அதாவது, போர் அறிக்கையில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டார். அங்கீகாரங்களின் வரிசையில் இது கடைசியில் வருவது. விக்டோரியா கிராஸ் உச்சியில் இருப்பது.

இதற்குப் பின்னால் மூன்று விஷயங்களைப் புரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, அந்தக் கால விதி. எதிரியோடு மோதி இறந்துபோன ஒருவருக்கு அன்றைய பிரிட்டிஷ் முறையில் இரண்டே வாய்ப்புகள்தான் இருந்தன. ஒன்று, விக்டோரியா கிராஸ். இல்லாவிட்டால் அறிக்கையில் பெயர். நடுவில் இருந்த வீரப் பதக்கங்கள் எல்லாம் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும். இந்த விதி 1970-களின் கடைசி வரை இருந்தது. ஆக, டெடி பிழைத்திருந்தால் நடுவில் ஏதாவது ஒரு பதக்கம் கிடைத்திருக்க வழி இருந்தது. இறந்ததால் ‘எல்லாம் அல்லது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை’ என்ற நிலை.

இரண்டாவது, காகிதம் போகும் பாதை. ஆஸ்திரேலியக் கடற்படையின் உயர் விருதுப் பரிந்துரைகள் அப்போது லண்டனில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டியின் வழியாகவே போக வேண்டியிருந்தது. சம்பவம் நடந்தது திமோர் கடலில். முடிவெடுப்பவர்கள் உலகத்தின் இன்னொரு மூலையில். கையில் இருப்பது அறிக்கை மட்டும்.

மூன்றாவது, கடல் சண்டையின் இயல்பு. தரைப்படையில் ஒருவர் தனியாக முன்னேறினால் அது மற்றவர்கள் கண்ணில் தெரியும். கப்பலில் எல்லோரும் ஒரே இயந்திரத்தின் பாகங்கள் மாதிரி. எஞ்சின் அறையில் ஒருவர் செய்தது மேல்தளத்தில் இருப்பவருக்குத் தெரியாது. கப்பல் மூழ்கினால் சாட்சியும் சேர்ந்து மூழ்கிவிடும். இந்தியாவின் பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். 20 பேர் தரைப்படை, ஒருவர் விமானப்படை. கடற்படையிலிருந்து ஒருவரும் இல்லை. இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் கடலில் தனிமனித வீரத்தைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம் என்பதைப் புரிந்துகொள்ள இது உதவும்.

அப்போ அவரை எல்லாரும் மறந்துட்டாங்களா?

இல்லை. அதுதான் இந்தக் கதையின் சுவாரசியமான பகுதி.

கூடவே இருந்தவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். குடும்பம் விடவில்லை. 1978-ல் டேல் மார்ஷ் என்ற ஓவியர், சாய்ந்த தளத்தில் பீரங்கியோடு நிற்கும் டெடியை வரைந்தார். அந்த ஓவியம் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அவர் வளர்ந்த லாட்ரோப் ஊரில் அவர் பெயரில் ஒரு நினைவு நடைபாதை இருக்கிறது.

அடுத்து கடற்படையே ஒரு காரியம் செய்தது. ஆஸ்திரேலியாவிடம் காலின்ஸ் வகை நீர்மூழ்கிகள் ஆறு. ஆறுக்கும் கடற்படையில் பணியாற்றியவர்களின் பெயர்கள். அவர்களில் ஐந்து பேர் அதிகாரிகள். ஆறாவது பெயர் ‘ஷீயன்’. 1999 மே 1 அன்று அது கடலில் இறக்கப்பட்டது. சாதாரண மாலுமி ஒருவரின் பெயர் ஆஸ்திரேலியக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்குச் சூட்டப்பட்டது அதுவே முதல்முறை. அந்த நீர்மூழ்கியின் குறிக்கோள் வாசகத்துக்குத் தமிழில் ‘தொடர்ந்து போராடு’ என்று பொருள்.

மக்கள் நினைவில் அவர் இருந்தார். அரசு ஆவணத்தில்தான் இடம் காலியாக இருந்தது.

78 வருஷம் கழிச்சு எப்படி மாறுச்சு?

சுருக்கமாக ஒரு காலவரிசை:

2011–2013: பழைய சம்பவங்களில் உரிய அங்கீகாரம் கிடைக்காத 13 பேரைப் பற்றி ஆராயும் பொறுப்பு, படைத்துறை விருதுகளுக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்திடம் கொடுக்கப்பட்டது. டெடியும் அந்தப் பட்டியலில் இருந்தார். 13 பேரில் யாருக்கும் விக்டோரியா கிராஸ் பரிந்துரைக்கப்படவில்லை.

2019: டெடியின் குடும்பத்தினரோடு சேர்ந்து இதற்காகப் பல ஆண்டுகள் முயன்ற தாஸ்மானியா அரசியல்வாதி கை பார்னெட்டின் மனுவை அதே தீர்ப்பாயம் மீண்டும் விசாரித்தது. இந்த முறை, டெடிக்கு விக்டோரியா கிராஸ் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது.

2020 மே: அரசு அதை ஏற்கவில்லை. முடிவை மாற்றும் அளவுக்கு வலுவான புதிய ஆதாரம் இல்லை என்றது. இதுபோன்ற விருதுகளில் தீர்ப்பாயம் பரிந்துரை மட்டும்தான் செய்ய முடியும், முடிவு அரசின் கையில். தாஸ்மானியாவில் எதிர்ப்பு கிளம்பியது.

2020 ஜூன்: பிரதமர் ஸ்காட் மோரிசன், முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் பிரெண்டன் நெல்சன் தலைமையில் ஒரு நிபுணர் குழு அமைத்தார்.

2020 ஆகஸ்ட்: குழு டெடிக்கு ஆதரவாகச் சொன்னது. அரசு ஏற்றது. ஆகஸ்ட் 12 அன்று ராணி இரண்டாம் எலிசபெத் ஒப்புதல் அளித்தார். டிசம்பர் 1 அன்று கவர்னர் ஜெனரல் டேவிட் ஹர்லி பதக்கத்தைக் குடும்பத்திடம் வழங்கினார். விக்டோரியா கிராஸ் பெற்ற 101-வது ஆஸ்திரேலியர் டெடி.

பழைய முடிவை இப்போ மாத்துறது சரியா?

இந்தக் கேள்வியை வெறும் வறட்டுப் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது.

எதிர்ப்பவர்களின் வாதம் இது. சம்பவம் நடந்த காலத்தில் இருந்தவர்களுக்குத்தான் சூழ்நிலை தெரியும். எழுபது எண்பது ஆண்டுகள் கழித்து, இன்றைய உணர்ச்சியை வைத்துக்கொண்டு அன்றைய முடிவைத் திருத்தினால், எங்கே நிறுத்துவது? குடும்பத்தில் பேச ஆள் இருப்பவருக்கும், ஊரில் அரசியல் பலம் இருப்பவருக்கும் பதக்கம் வரும். யாரும் இல்லாதவருக்கு வராது. விருதின் மதிப்பே அதன் கடுமையில்தான் இருக்கிறது.

ஆதரிப்பவர்கள் கேட்பது வேறு. அன்றைய முடிவு எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்து எடுத்த முடிவா, அல்லது நடைமுறையின் இடுக்கில் விழுந்துபோன ஒன்றா? முதலாவது என்றால் விட்டுவிடலாம். இரண்டாவது என்றால், அது முடிவே இல்லை, விடுபட்ட வேலை. விடுபட்டதைச் செய்து முடிப்பதற்குக் காலக்கெடு ஏன்?

இரண்டையும் படிக்கும்போது ஒன்று புரிகிறது. யாருமே டெடி செய்த காரியத்தைச் சின்னது என்று சொல்லவில்லை. சண்டை முழுக்க ‘எப்படி முடிவெடுக்க வேண்டும்’ என்பதைப் பற்றியது. அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வேலையைச் செய்தது ஒருவர், அதை எழுதி மேலே அனுப்ப வேண்டியது இன்னொருவர், பார்த்து முடிவெடுப்பது மூன்றாமவர். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் போதும், நடந்ததே நடக்காத மாதிரி ஆகிவிடும். டெடி விஷயத்தில் அறுந்த கண்ணியை, பிழைத்த மாலுமிகளும் குடும்பமும் கையாலேயே பிடித்துக்கொண்டு 78 ஆண்டுகள் நின்றார்கள்.

அதே நேரம், எதிர்ப்பவர்களின் ஒரு கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. அந்தக் கப்பலில் இறந்தவர்கள் 100 பேர். அதில் ஒருவரின் பெயர் நமக்குத் தெரிகிறது. அவருக்காக ஓவியம் இருக்கிறது, நடைபாதை இருக்கிறது, நீர்மூழ்கி இருக்கிறது, இப்போது பதக்கமும் இருக்கிறது. அவருடைய குறியில் தப்பி, பிறகு தெப்பத்தில் காத்திருந்து காணாமல் போனவர்கள்? சொந்த ஊரிலிருந்து வெகுதூரத்தில், வேறொரு நாட்டுச் சீருடையில், ஆஸ்திரேலியக் கப்பலில் இறந்த இந்தோனேசிய வீரர்கள்? அவர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்லவும், மனுப் போடவும் யார் இருந்தார்கள்?

டெடி அந்த வாரை மாட்டிக்கொண்டது யாருக்காக என்று கேட்டால், இவர்கள் எல்லோருக்காகவும்தான். தண்ணீரில் தத்தளித்தவர்களில் யார் ஆஸ்திரேலியர், யார் ஜாவாக்காரர் என்று அங்கிருந்து பிரித்துப் பார்த்திருக்க முடியாது.

ஆர்மிடேலோடு அன்று கிளம்பிய காசில்மெய்ன் போரில் தப்பித்துவிட்டது. மெல்போர்ன் அருகே வில்லியம்ஸ்டவுனில் இன்று அது மிதக்கும் அருங்காட்சியகம். ஆஸ்திரேலியாவில் இருக்கும் உறவினரையோ நண்பரையோ பார்க்கப் போனால், ஒரு நடை அதில் ஏறிப் பாருங்கள். அதே வகைக் கப்பல், அதே அளவுத் தளம். ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஒரு நிமிடத்தில் நடந்துவிடலாம். தெப்பத்துக்கும் பீரங்கிக்கும் நடுவில் எவ்வளவு சின்னத் தூரம் இருந்திருக்கும் என்பது அங்கே நின்றால் தெரியும்.